ஏற்காட்டு அடிவாரத்தில் அன்றாட ஆங்கிலம்: சொல்லும் தொடரும் கூச்சமும்

சேலம் நகரை ஒட்டி மலை ஏறத் தொடங்கும் இடத்துக்கு அடிவாரம் என்றே பெயர். அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் 1,515 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. அந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களின் பேச்சைச் சற்றுக் காது கொடுத்துக் கேட்கலாம். "செக்போஸ்ட் தாண்டினதும் கியரை மாத்து, பெண்டுல ஓவர்டேக் பண்ணாத, ஏறுற வண்டிக்கு சைடு குடு." ஒரு மூச்சில் சொல்லி முடிக்கும் இந்தப் பேச்சில் ஐந்து ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. ஆனால் அதே ஓட்டுநரிடம் வெளிநாட்டுப் பயணி ஒருவர் ஆங்கிலத்தில் வழி கேட்டால், பதில் கையசைவாகத்தான் வரும்.

நாவில் இவ்வளவு ஆங்கிலச் சொற்கள் புழங்கியும் ஆங்கிலம் பேச வராதது ஏன்? பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் படித்தவருக்கும் ஒரு தேநீர்க் கடைப் பேச்சை ஆங்கிலத்தில் நடத்த முடியாமல் போவது ஏன்? தமிழகம் முழுவதற்கும் பொருந்தும் இந்தக் கேள்விக்கு ஏற்காட்டு மலையும் அதன் அடிவாரமும் நல்ல ஆய்வுக்களம். ஆங்கிலம் வாழ்மொழியாக வந்து குடியேறிய பள்ளிகளும், அதைக் காதால் மட்டும் கேட்டு வாங்கிய உழைப்பாளர்களும் ஒரே மலையில் இருக்கிறார்கள்.

இக்கட்டுரை சொல்ல வருவது இது: நம்மிடம் குறைவாக இருப்பது ஆங்கிலத்தின் பெரிய சொற்கள் அல்ல. கெட், டேக், புட், அப், அவுட், ஆஃப் போன்ற சின்னச் சொற்களும், அவை சேர்ந்து உருவாக்கும் தொடர்களும்தான் நம் கைக்கு வராமல் இருக்கின்றன. பாடத்திட்டமும் பயிற்சி மையங்களும் அவற்றைத்தான் பெரும்பாலும் தவிர்த்து வந்திருக்கின்றன.

மலைக்கு வந்த மொழி

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலம் பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். தோட்டங்கள் பெருகின, தோட்டத்தோடு அலுவலகச் சொற்களும் வந்தன. எஸ்டேட், ரைட்டர், செக்ரோல், நர்சரி, பல்பர் என்று கூலிக் கணக்கும் கருவிகளும் ஆங்கிலப் பெயரோடு தமிழுக்குள் நுழைந்தன. நிழலுக்கு நட்ட மரத்துக்கும் சில்வர் ஓக் என்ற பெயரே நிலைத்தது. மலை விளிம்புகள் லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், பகோடா பாயிண்ட் ஆயின.

1894இல் சேக்ரட் ஹார்ட் பள்ளியும் 1917இல் மான்ட்ஃபோர்ட் பள்ளியும் ஏற்காட்டில் தொடங்கப்பட்டன. இத்தகைய விடுதிப் பள்ளிகளில் ஆங்கிலம் பாடமாக மட்டும் இருக்கவில்லை. சாப்பாட்டு அறையிலும் விளையாட்டுத் திடலிலும் சண்டையிலும் சமாதானத்திலும் அதுவே மொழி. ஒரு மொழியின் அன்றாடத் தொடர்கள் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் அவைதாம். அதே மலையில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மலையாளி பழங்குடியினரின் ஊர்கள் இருக்கின்றன. அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கும் அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் ஒரு பாடவேளையில் வந்து, மணி அடித்ததும் போய்விடும். இரு பள்ளிகளுக்கும் இடையே தூரம் சில கிலோமீட்டர்தான். பிள்ளையின் காதில் விழும் ஆங்கிலத்தின் அளவில் உள்ள தூரத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

மறுபக்கமும் உண்டு. தோட்டத் துரைமார்களும் தமிழ் கற்க வேண்டியிருந்தது. இலங்கைத் தோட்டங்களில் வேலை பார்த்த ஆங்கிலேயர்களுக்காக வெல்ஸ் என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கூலித் தமிழ்' என்ற கைநூலை எழுதினார். கட்டளையிடவும் கணக்குக் கேட்கவும் தேவையான வேலைத்தளத் தமிழைக் கற்பிப்பதே அதன் நோக்கம். வேலைக்குத் தேவையான மொழி மட்டும் கற்றால் வேகமாகக் கற்கலாம். ஆனால் அந்த வேலையைத் தாண்டிப் பேச்சு நகராது. இன்று விடுதிப் பணியாளர்களுக்கும் கடைப் பையன்களுக்கும் கற்பிக்கப்படும் 'வெல்கம் சார், திஸ் வே சார்' ஆங்கிலம் அதே கதையைத் திசை மாற்றிச் சொல்கிறது.

ஆங்கிலச் சொல்லை எப்படி எதிர்கொள்வது என்ற கேள்வி சேலத்துக்குப் புதிதுமல்ல. அங்கே வழக்கறிஞராக இருந்த ராஜாஜி, 1916இலேயே அறிவியல் சொற்களைத் தமிழில் உருவாக்க ஒரு சங்கம் தொடங்கினார். கலைச்சொற்களைப் பற்றி நூறாண்டாக விவாதிக்கிறோம். அன்றாடச் சொற்களைப் பற்றி அப்படி யாரும் உட்கார்ந்து பேசியதில்லை.

வந்த சொற்கள், வராத இலக்கணம்

ஆங்கிலச் சொற்கள் தமிழுக்குள் எந்த வழியாக நுழைகின்றன என்று கவனித்தால் சிக்கலின் பாதி விளங்கிவிடும். வினைச்சொல்லாக இருந்தால் 'பண்ணு' அதைத் தோளில் ஏற்றிக்கொள்கிறது: டிரை பண்ணினான், கட் பண்ணுவாங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. காலம், இடம், எண், மரியாதை எல்லாவற்றையும் 'பண்ணு' சுமக்கிறது. ஆங்கில வினை அசையாமல் அப்படியே கிடக்கிறது. ஆகவே 'டிரை' என்ற சொல்லை ஆயிரம் முறை சொன்ன ஒருவர், அதன் இறந்தகால வடிவத்தை ஒருமுறைகூடச் சொல்லியிருக்க மாட்டார்.

பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபு இதே வேலையைச் செய்கிறது. பஸ்ல, ஸ்கூலுக்கு, ஆபீஸ்லேர்ந்து என்று சொல்லும்போது ஆங்கிலத்தின் இன், டு, ஃப்ரம் என்ற முன்னிடைச் சொற்களுக்கு வேலையே இல்லை. இப்படி ஆங்கிலத்தின் பெயர்களும் வினைகளும் நம்மிடம் வந்துவிட்டன. அவற்றைக் கோக்கும் சின்னச் சொற்கள் வாசலிலேயே நின்றுவிட்டன.

உள்ளே வந்தவையும் சும்மா இருக்கவில்லை. தமிழ், ஆங்கிலச் சொற்களை வைத்துத் தனக்கென மரபுத்தொடர்களை உருவாக்கிக்கொண்டது. பல்பு வாங்கினான், சீன் போடுகிறான், ரீல் விடுகிறான், கட் அடித்தான், பிட் அடித்தான், ஓவர் பில்டப் கொடுக்கிறான். இவற்றில் வரும் ஆங்கிலச் சொற்கள் அனைத்தும் லண்டன்காரருக்குத் தெரியும். தொடர்களில் ஒன்றுகூடப் புரியாது. 'சீட்' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் அது இருக்கை, மருத்துவக் கல்லூரியில் சேர்க்கை, தேர்தலில் தொகுதி, ஏற்காட்டில் மலை விளிம்பு. ஒரு சொல்லை நான்கு விதமாகப் பயன்படுத்தத் தெரிந்த பிள்ளைக்கு மொழித்திறன் இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. இந்தத் திறனை வகுப்பறை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதே குறை.

பள்ளிகள் முயன்ற வழிகள்

தமிழகப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் முறை பலமுறை மாறியிருக்கிறது. 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. தொடக்கநிலை ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தருவது இலக்கு. சிலருக்குப் பயிற்சி தந்து, அவர்கள் பலருக்கு, அந்தப் பலர் இன்னும் பலருக்கு என்று பெருக்கிக்கொண்டே போனதால் 'மெட்ராஸ் பனிப்பந்து' என்று பெயர் பெற்றது. அதன் அடிப்படை, வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தித் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது. வாக்கியம் பிள்ளையின் வாயில் பதிந்தது. அதைச் சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் வகுப்பறைக்குள் வரவில்லை.

அந்தக் குறையை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் என்.எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய அவர், 1979 முதல் 1984 வரை தென்னிந்தியாவின் சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். பெங்களூர்த் திட்டம் என்று உலகெங்கும் அறியப்படுவது அதுதான். மொழியைக் கற்பிப்பதாகச் சொல்லாமல், ரயில் கால அட்டவணையைப் பார்த்து விடை கண்டுபிடிப்பது, வரைபடத்தில் வழி சொல்வது போன்ற வேலைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். வேலையை முடிக்க மொழி தேவைப்பட்டது. தேவை மொழியைக் கொண்டுவந்தது. 1987இல் வெளியான அவருடைய நூல் இன்று பல நாடுகளில் ஆசிரியர் பயிற்சியில் படிக்கப்படுகிறது. செயல்வழி மொழிக் கற்பித்தலின் முன்னோடிச் சோதனை தென்னிந்திய அரசுப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நடந்தது என்பது நம் ஆசிரியர்களில் பலருக்கே தெரியாது.

கொள்கைப் பக்கம் பார்த்தால், 1968 ஜனவரி 23 அன்று அண்ணா தலைமையிலான அரசு சட்டமன்றத்தில் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. தமிழும் ஆங்கிலமும் என்று முடிவானபின், ஆங்கிலத்தை எப்படிக் கற்பிப்பது என்ற பொறுப்பு இரட்டிப்பாயிற்று. 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கின. கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், முதல் மூன்று வகுப்புகளுக்குத் தமிழ், கணிதத்தோடு ஆங்கிலத்தையும் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு தொடங்கிய 'நான் முதல்வன்', வேலைக்குப் போகும் வயதினரின் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியையும் கவனிக்கிறது.

விளைவு என்ன? ஊரகப் பிள்ளைகளை வீடு வீடாகச் சென்று சோதிக்கும் ஏசர் அறிக்கையின்படி, 2016இல் இந்திய அளவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 24.7 விழுக்காட்டினரே எளிய ஆங்கில வாக்கியங்களை வாசித்தார்கள். 2022இல் அது 24.5. எட்டாம் வகுப்பில் 45.3இலிருந்து 46.7 ஆனது. கவனிக்க வேண்டியது, இது வாசிப்புச் சோதனை. பேச்சுச் சோதனை வைத்தால் நிலைமை இதைவிட மேலாக இருக்க வழியில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 8.3 கோடிப் பேர். தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 2.6 லட்சம். நாட்டில் பெரும்பாலான பிள்ளைகள் ஆங்கிலத்தைக் கற்பது, தாங்களும் அதைப் பள்ளியில் பாடமாகக் கற்றவர்களிடமிருந்து என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

எத்தனை சொல் தெரிந்தால் போதும்?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களில் முக்கியமானவர் மைக்கேல் வெஸ்ட். அவர் பாடம் கற்றது லண்டனில் அல்ல, டாக்காவில். அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நடத்தியபோது, வங்காளப் பிள்ளைகள் அரிய சொற்கள் நிறைந்த பாடநூல்களோடு போராடுவதைப் பார்த்தார். அடிக்கடி வரும் சொற்களை முதலில் கொடுத்து, அவற்றை வைத்தே நிறைய வாசிக்க வைக்கும் நூல்களை எழுதினார். 1935இல் அவர் தொகுத்த அகராதி, சுமார் 24,000 சொற்பொருள்களை 1,490 எளிய சொற்களால் விளக்கியது. 1953இல் வெளியிட்ட பொதுச்சொல் பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள். அதற்கு முன்பே, 1930இல், ஆக்டன் என்ற ஆங்கில மொழியறிஞர் 850 சொற்களில் முழு ஆங்கிலத்தையும் அடக்கிவிட முயன்றார். அவர் வினைகளைக் குறைத்த விதம் வேடிக்கையானது: 'நுழை' என்பதற்குத் தனிச்சொல் வேண்டாம், 'கோ இன்' போதும் என்றார். சொற்களின் எண்ணிக்கை குறைந்தது. கற்பவர் தலையில் தொடர்களின் சுமை ஏறியது.

சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, வேறு உதவியின்றி நாவலையோ நாளிதழையோ வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதன் திரிபுகளும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை. பேச்சைப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000 போதும். இந்த எண்களைக் கேட்டு மலைக்க வேண்டாம். தமிழ்ப் பேச்சில் புழங்கும் ஆங்கிலச் சொற்களை ஒரு பிள்ளையை உட்கார வைத்து எழுதச் சொன்னால் நோட்டின் பல பக்கங்கள் நிரம்பும். அந்தப் பட்டியலைச் சரிபார்த்துப் பொருள் திருத்திக் கொடுப்பது, புதிய பட்டியலைத் தலையில் ஏற்றுவதைவிட எளிது. ஹோட்டல் என்றால் தங்குமிடம், மீல்ஸ் என்பது பன்மை என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

கடினமான பகுதி வேறு இடத்தில் இருக்கிறது. ஆண்ட்ரூ பாலியும் பிரான்சிஸ் சைடரும் 1983இல் ஒரு கட்டுரையில் கேட்டார்கள்: தாய்மொழியாளர் தடையின்றிப் பேசுவது எப்படி? ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர் சொல் சொல்லாகக் கட்டுவதில்லை. ஆயிரக்கணக்கான தொடர்களை முழுசாகவே நினைவில் வைத்திருக்கிறார் என்பது அவர்களின் விடை. தமிழிலும் அப்படித்தான். 'போய்ட்டு வரேன்', 'பார்த்துப் போங்க', 'அதெல்லாம் ஒண்ணும் இல்லை' என்பவற்றை யாரும் இலக்கணம் யோசித்துச் சொல்வதில்லை. 1942இல் ஹார்ன்பி டோக்கியோவில் வெளியிட்டு, பின்பு 1948இல் ஆக்ஸ்ஃபோர்ட் மறுபதிப்பாகக் கொண்டுவந்த கற்போர் அகராதி புகழ்பெற்றதும் இதனால்தான். சொல்லுக்குப் பொருள் தந்ததோடு, அது எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் என்பதையும் அது காட்டியது. நம் வீடுகளில் இருக்கும் லிப்கோ அகராதி பல தலைமுறைகளுக்குச் சொற்பொருள் தந்தது. அதன் துணையாக ஒரு தொடர் அகராதி வீட்டுக்குள் வந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

மரபுத்தொடர்: எதைக் கற்பது, எதை விடுவது

ஆங்கில மரபுத்தொடர் என்றதும் வழிகாட்டி நூல்கள் நீட்டுவது, பூனையும் நாயுமாக மழை பெய்வதையும் வாளியை உதைத்துச் சாவதையும். ஆங்கிலம் பேசும் நாட்டில் பல ஆண்டு வாழ்ந்தவர்களே இவற்றை எப்போதாவதுதான் கேட்கிறார்கள். தேர்வில் பொருத்துக பகுதிக்கு வசதியாக இருப்பதால் இவை பிழைத்துக் கிடக்கின்றன.

மரபுத்தொடர்களை மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகைக்கு நம்மிடமே இணை உண்டு. நாம் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கிறோம். ஆங்கிலேயர் இரண்டு பறவைகளை அடிக்கிறார். நம்மைப்போலவே ஆங்கிலத்தை வெளியிலிருந்து கற்கும் போலந்துக்காரர் ஒரே நெருப்பில் இரண்டு இறைச்சித் துண்டுகளை வாட்டுகிறார். கொல்லன் தெருவில் ஊசி விற்பது நமக்கு. நியூகாஸிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது ஆங்கிலேயருக்கு. காட்டுக்கு விறகு சுமப்பது போலந்துக்காரருக்கு. இவற்றைக் கற்பது சுவையான வேலை, நினைவிலும் எளிதில் நிற்கும்.

இரண்டாவது வகை, அரிதாகப் புழங்கும் புதிர்த்தொடர்கள். கதை வாசிக்கும்போது தெரிந்துகொண்டால் போதும்.

மூன்றாவது வகைதான் அன்றாட ஆங்கிலத்தின் முதுகெலும்பு: ஒரு சின்ன வினையும் ஒரு சின்ன இடைச்சொல்லும் சேர்ந்த தொடர்கள். அடிவாரத்தில் பேருந்தில் ஏறுகிறோம், மேலே இறங்குகிறோம், காலையில் எழுகிறோம், நேரமாகிறது என்று பதறுகிறோம். தமிழில் நான்கும் நான்கு வினைகள். ஆங்கிலத்தில் நான்குக்கும் 'கெட்' போதும், ஆன், ஆஃப், அப், லேட் என்று பின்னால் வருவது மட்டும் மாறும். ஏறு என்பதற்குத் தனிச்சொல் தேடும் தமிழ் மாணவர் 'கிளைம்ப்' என்று சொல்லிவிட்டு, பேருந்தின் மேற்கூரையில் ஏறியதாகப் பொருள்படும்படி விட்டுவிடுகிறார்.

இங்கே தமிழ் நமக்குத் தடையல்ல, துணை. எடுத்து வை, எடுத்துப் போடு, எடுத்துக்கொள், எடுத்து விடு என்று ஒரே 'எடு' நான்கு பொருள் தருவது துணைவினையால். முதன்மை வினைக்குப் பின்னால் வரும் ஒரு சிறு சொல் பொருளைத் திருப்பிவிடும் என்ற உணர்வு தமிழ்ப் பிள்ளைக்குப் பேச்சு வந்த நாளிலிருந்தே இருக்கிறது. ஆங்கிலத்தின் வினைத்தொடரை இந்த வாசல் வழியாக அறிமுகப்படுத்தலாம். இன்னொரு வாசலும் திறந்தே கிடக்கிறது. பிக்கப், செக்கப், மேக்கப், லாக்கப், கட்அவுட், பிரேக்டவுன், ஸ்விட்ச் ஆஃப் எல்லாம் அடிவாரத்துப் பேச்சில் ஏற்கனவே இருப்பவை. பெயராக உறைந்துபோன இவற்றை வினையாக உருக்கிக் காட்டினால் ஒரு வாரத்தில் இருபது தொடர் பிள்ளையின் கைவசமாகும். அப்படிச் செய்யாதபோதுதான் 'லைட்டை ஆஃப் பண்ணு' என்பது 'ஆஃப் தி லைட்' ஆகிறது.

போலந்துக்காரரிடம் கற்க என்ன இருக்கிறது?

ஆங்கிலத்தின் முன் நிற்கும் போலந்துக்காரருக்கும் தமிழருக்கும் ஒற்றுமை அதிகம். இரு மொழிகளிலும் 'எ', 'தி' போன்ற சுட்டிடைச்சொற்கள் இல்லை. இருவரும் அவற்றை விட்டுவிடுகிறார்கள், அல்லது தேவையற்ற இடத்தில் வைக்கிறார்கள். போலிஷ் மொழியில் வேற்றுமை ஏழு, தமிழில் எட்டு. ஆகவே உருபின் வேலையை ஆங்கில முன்னிடைச் சொல்லிடம் ஒப்படைக்க இருவருமே தடுமாறுகிறார்கள். 'போ' என்ற வினைக்கு முன்னால் ஒட்டுச் சேர்த்து உள்ளே போ, வெளியே போ, வந்து சேர் என்று பொருள் மாற்றுவது போலிஷ் வழக்கம். ஆங்கிலம் அந்த ஒட்டைப் பின்னால் கொண்டுபோய்த் தனியாக நிறுத்துகிறது. பின்னால் வைத்துப் பழகிய தமிழருக்கு அந்த வகையில் ஒரு படி எளிது.

இந்தத் தடுமாற்றத்திலிருந்து ஒரு போலந்து மாணவர் கண்டுபிடித்தது இன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது. போஸ்னானில் படித்துக்கொண்டிருந்த பியோத்ர் வோஸ்னியாக், ஆங்கிலச் சொற்கள் மறந்துபோவதைப் பொறுக்காமல், எத்தனை நாள் இடைவெளியில் திரும்பப் பார்த்தால் நிலைக்கும் என்று 1985இல் தாளில் கணக்குப் போட்டார். 1987இல் அதைக் கணினி நிரலாக்கினார், சூப்பர்மெமோ பிறந்தது. கற்றதை மனம் எந்த வேகத்தில் இழக்கிறது என்று ஜெர்மனியின் எபிங்ஹாஸ் 1885இலேயே அளந்திருந்தார். அந்த அறிவை அன்றாடக் கருவியாக்கியவர் வோஸ்னியாக். அவருடைய ஆரம்பகாலச் சூத்திரத்தில் முதல் மீள்பார்வை ஒரு நாளில், அடுத்தது ஆறு நாளில், பிறகு நினைவு நன்றாக இருந்தால் ஏறத்தாழப் பதினைந்து நாளில் என்று இடைவெளி விரிந்துகொண்டே போகும். இன்று மாணவர்கள் கைப்பேசியில் இலவசமாகப் பயன்படுத்தும் ஆன்கி செயலி அந்தச் சூத்திரத்தின் மேல் எழுந்தது. கைப்பேசி இல்லாத வீட்டுக்கு, லைட்னர் 1972இல் எழுதிய அட்டைப்பெட்டி முறை போதும்: தெரிந்த அட்டை அடுத்த அறைக்குப் போகும், தெரியாதது முதல் அறைக்கே திரும்பும். அட்டையில் தனிச்சொல்லை எழுதாமல் முழுத் தொடரை எழுத வேண்டும் என்பதே நாம் சேர்க்க வேண்டிய ஒரே திருத்தம்.

போலந்திலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. ஜோசப் கான்ராட் இருபது வயதுக்கு மேல், கப்பலில் வேலை பார்த்தபடி ஆங்கிலம் கற்றார். அது அவருக்கு மூன்றாம் மொழி. 1895இல் முதல் நாவலை வெளியிட்ட அவர் ஆங்கில இலக்கியத்தின் பெரும் எழுத்தாளர்களில் ஒருவரானார். கடைசிவரை அவருடைய உச்சரிப்பு போலிஷ் வாடையோடே இருந்தது. உச்சரிப்பு திருந்திய பிறகுதான் வாய் திறப்பேன் என்று காத்திருப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

பிழையும் வழக்கும்

தமிழர் ஆங்கிலத்தில் அடிக்கடி கேட்பவை சில: 'ஐ வில் கோ அண்ட் கம்', 'சிம்ப்ளி சிட்டிங்', 'டுடே மார்னிங்', 'கோ-பிரதர்'. இவற்றுக்குப் பின்னால் இருப்பவை போய்ட்டு வரேன், சும்மா, இன்னைக்குக் காலையில, சகலை. எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடிப்பது அறிவுடைமை ஆகாது. இந்தியருக்குள் பேசும்போது கேட்பவருக்குப் புரியும், இதமாகவும் இருக்கும். முன்கூட்டி வைப்பதற்கு நாம் உருவாக்கிய 'பிரிபோன்' ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியில் இடம்பிடித்துவிட்டது. 2016இல் 'ஐயோ'வும் 2017இல் 'அண்ணா'வும் அங்கே ஏறின.

அதே நேரம், வெளிநாட்டு வாடிக்கையாளரிடமோ நேர்முகத் தேர்விலோ 'ஐ வில் கோ அண்ட் கம்' என்றால் குழப்பமே மிஞ்சும். வேட்டியும் பேண்ட்டும் வைத்திருப்பவர் போகும் இடம் பார்த்து உடுத்துவதுபோல, இரண்டு வழக்கையும் தெரிந்து வைத்துக்கொண்டு கேட்பவரைப் பார்த்துப் பேசக் கற்பிப்பதே சரி. 'எத்தனையாவது பிள்ளை' என்ற கேள்வியை ஆங்கிலத்தில் நேராகக் கேட்க முடியாது. சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டும். அப்படிச் சுற்றி வளைத்துச் சொல்லும் துணிவும் கற்பிக்க வேண்டிய திறன்களில் ஒன்று.

கூச்சம் என்னும் சுவர்

முறையும் நூலும் சரியாக இருந்தாலும் பிள்ளை வாய் திறக்காவிட்டால் பயனில்லை. நம் ஊரில் ஆங்கிலம் பேச முயல்கிறவனைப் 'பீட்டர் விடுறான்' என்று கேலி செய்வார்கள். தவறாகப் பேசினால் அதற்கும் சிரிப்பார்கள். இலங்கையில் சிங்களர்கள் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பார்கள். வாள் என்று பொருள். மேல்தட்டினர் கையில் இருந்து மற்றவரை வெட்டும் மொழி என்ற கசப்பு அதில் இருக்கிறது. இரு கேலிகளுக்கும் வேர் ஒன்றே: ஆங்கிலம் இங்கே தொடர்பு மொழியாக மட்டும் இல்லை, தகுதிச் சின்னமாகவும் இருக்கிறது. தகுதிச் சின்னத்தைத் தவறாக அணிந்து அவமானப்பட யாருக்கும் விருப்பமில்லை.

மலையாளி பழங்குடிப் பிள்ளைக்கு இந்தச் சுவர் இன்னும் உயரம். வீட்டில் பேசும் மலைத் தமிழையே கீழே வந்தால் கேலி செய்வார்கள் என்ற அச்சம் ஒருபுறம், ஆங்கில அச்சம் மறுபுறம். தாய்மொழியில் தொடங்கும் கல்வியே சிறந்தது என்று யுனெஸ்கோ 1953இலேயே சொன்னது. முதல் மொழியில் வாசிப்புத் திறன் வலுவாக இருந்தால் அது இரண்டாம் மொழிக்கும் கைமாறும் என்று கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979இல் வாதிட்டார். இந்த ஆய்வுகளை வைத்துப் பார்த்தால், தமிழ் வாசிக்கத் தடுமாறும் பிள்ளையை ஆங்கிலவழிப் பிரிவுக்கு மாற்றுவது இரண்டையும் இழக்கும் வழி. பெற்றோரின் ஆசை நியாயமானது. பெயர்ப்பலகையில் 'ஆங்கிலவழி' என்று எழுதுவதால் அந்த ஆசை நிறைவேறிவிடாது.

செய்யத்தக்கவை

மேலே பார்த்தவற்றிலிருந்து நான்கு முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, பிள்ளையின் பேச்சில் ஏற்கனவே இருக்கும் ஆங்கிலச் சொற்களே முதல் பாடநூல். ஓட்டுநர் வீட்டுப் பிள்ளை சாலைச் சொற்களையும் தோட்டத்துப் பிள்ளை காப்பிச் சொற்களையும் வகுப்புக்குக் கொண்டுவரட்டும். பொருளும் வினை வடிவமும் அங்கே சரிசெய்யப்படட்டும். இரண்டு, அரிய சொற்களும் பழைய மரபுத்தொடர்களும் பின்னால் வரலாம். கெட், டேக், புட், கோ, கம், கிவ் என்ற ஆறு வினைகளும், இன், அவுட், ஆன், ஆஃப், அப், டவுன் என்ற ஆறு இடைச்சொற்களும் சேரும் தொடர்களை ஆறாம் வகுப்புக்குள் பேச்சில் பழக்கிவிட வேண்டும். மூன்று, கற்ற தொடரை இடைவெளி விட்டுத் திரும்பப் பார்க்கும் வழக்கம் பள்ளி நாட்காட்டியிலேயே இடம்பெற வேண்டும். நான்கு, பிரபு காட்டிய வழியில், பேச வேண்டிய காரணத்தை வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும். பேருந்து நேரப் பட்டியல், மலை வரைபடம், சந்தை விலை இவையே போதும்.

இவற்றில் எதற்கும் புதிய கட்டடமோ விலை உயர்ந்த கருவியோ தேவையில்லை. தேவைப்படுவது ஆசிரியருக்குப் பயிற்சியும், பிழையோடு பேசும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காத வகுப்பும். அரசுப் பள்ளிகளில் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுக்கள் இருக்கின்றன. அடுத்த கூட்டத்தில் பெற்றோர் ஒரு கேள்வி கேட்கட்டும்: என் பிள்ளை இந்த வாரம் வகுப்பில் எத்தனை நிமிடம் ஆங்கிலத்தில் பேசியது? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு வந்துவிட்டால், மற்ற மாற்றங்களைப் பள்ளியே தேடிக்கொள்ளும்.